ஃப்யூஸ் பிடுங்கும் குருமூர்த்தி

மோட்டார் சைக்கிளைச் சாலையைப் பார்க்கத் திருப்பி நிறுத்துகிறார் குருமூர்த்தி. சாவியை வண்டியிலேயே விட்டுவிடுகிறார். வழியில் கல் கிடக்கிறதா, லாரி எதுவும் குறுக்கே நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கும் வாயும் மறையக் கட்டிக்கொண்டு, ஆலையின் சுவரோரம் நிற்கும் டிரான்ஸ்பார்மரை நோக்கி நடக்கிறார். பார்ப்பவர்களுக்கு ஏதோ திருட வந்தவர் போலத்தான் தோன்றும். வந்திருப்பதோ அரசாங்க வேலைக்கு.

“ஓடறதுக்கு ரெடியா இருக்கணுங்க. சாவியத் தேடிக்கினு இருந்தா மண்டை ஒடைஞ்சிரும்,” என்பார், கேட்டால்.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிப் பக்கத்து மின்வாரியப் பிரிவில் அவர் வயர்மேன். ஒடிசலான உடம்பு, முன்பக்கம் ஏறிய வழுக்கை, எப்போதும் யாரோ பின்னால் வருவதுபோல் பாதி திரும்பிய கழுத்து. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சரளமாகக் கெஞ்சத் தெரியும். மின்சாரத்தைக் கண்டு அவருக்குத் துளியும் பயமில்லை. புயல் மழையில் கம்பத்தில் ஏறியிருக்கிறார், அறுந்த கம்பியைப் பல்லியைத் தள்ளுவதுபோல் ஒரு குச்சியால் தள்ளியிருக்கிறார். கரண்ட் போன பிறகு வாசலுக்கு வருகிற மனிதர்கள்தான் அவருடைய பயம்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. எந்த ஆலைக்குள்ளும் நுழையலாம். கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்து, ஆலைக்காரர் கண்ணெதிரிலேயே இரண்டாகப் பங்கிட்டு, முத்திரை வைத்து எடுத்துப் போகலாம். கோர்ட்டு வாசலை மிதிக்காமலே ‘மூடு’ என்று உத்தரவு போடலாம். தண்ணீரை நிறுத்து, மின்சாரத்தை நிறுத்து என்று சொல்லலாம். எல்லாம் சரி, கம்பத்தடிக்குப் போய் ஃப்யூஸைப் பிடுங்க அந்த வாரியத்திடம் ஆள் கிடையாது. அதற்கு மின்வாரியத்துக்குத்தான் கடிதம் எழுதுவார்கள். மின்வாரியத்தில் அந்தக் கடிதம் மேசை மேசையாகக் கீழே இறங்கும். அதற்குமேல் இறங்க இடமில்லாத இடத்தில் குருமூர்த்தி உட்கார்ந்திருக்கிறார்.

தண்ணீர்ச் சட்டத்தில் முப்பத்து மூன்று ஏ என்றொரு பிரிவு. மூடச் சொல்லும் அதிகாரம் அதில்தான் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராத குருமூர்த்திக்கு அந்த எண் மட்டும் நன்றாகத் தெரியும். அவருடைய மனைவி நஞ்சம்மாவுக்கும் தெரியும். காலையில் களி உருண்டையைப் பிட்டு வாயில் போடாமல் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தால், “ஏன், இன்னிக்கு முப்பத்து மூணு ஏவா?” என்பாள். அவர் எழுந்து கை கழுவிவிடுவார்.

ஆலையில் ஃப்யூஸைப் பிடுங்கிய மறுகணம் உள்ளே ஓடிக்கொண்டிருந்த எல்லாம் நின்றுபோகும். அந்த நிசப்தம்தான் அவருக்கு ஈரக்குலையை நடுங்கவைக்கிற விஷயம். முதலில் யாரும் வரமாட்டார்கள். பிறகு ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். பிறகு பத்துப் பேர். “யாரப்பா நீனு?” என்று ஒரு குரல், “எவர்ரா நுவ்வு?” என்று இன்னொன்று, “யோவ், கையை எட்றா!” என்று மூன்றாவது. முதலாளி வரமாட்டார். அவர் வக்கீலுக்கு போன் போட்டுக்கொண்டிருப்பார். வருகிறவர்கள் எல்லாம் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். அடிக்கவும் அவர்களுக்கு நியாயம் இருக்கிறது என்பதுதான் குருமூர்த்தியின் பயத்தை இரட்டிப்பாக்குகிறது.

இதனால் ஓசூரில் நிம்மதியாக ஒரு டீ குடிக்க அவருக்கு வழியில்லை. பேருந்து நிலையத்தில் எவனாவது உற்றுப் பார்த்தால், இவன் எந்த ஆலைக்காரனாக இருப்பான் என்று மனசு ஓடத் தொடங்கிவிடும். ஒருமுறை மத்திகிரி டவுன் பஸ்ஸில் ஓர் ஆள் அவர் தோளைத் தொட்டிருக்கிறான். இவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆள் சில்லறை கேட்கத்தான் தொட்டானாம், அது பிறகுதான் தெரிந்தது.

அதற்காக, ஆலைக்காரர்கள் பக்கம் சாய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஏரியில் பனிக்கட்டி போல் நுரை மிதப்பதைப் பார்த்தவர். கால் குளம்பு வெந்துபோன எருமையைப் பார்த்தவர். “மூட வேண்டியதுதாங்க. இல்லேன்னு சொல்லல. என்னையப் போயி மூடச் சொல்றாங்களே, அதான்,” என்பார்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் முன்னால் அப்படித்தான் ஒரு மின்முலாம் பட்டறைக்கு உத்தரவு வந்தது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் பளபளப்பு ஏற்றுகிற இடம். பட்டறையில் கழுவிய தண்ணீர் மஞ்சளாக ஓடிவந்து தரைக்குள் இருக்கும் ஒரு தொட்டியில் விழும். குரோமியம் கலந்த தண்ணீர். கையில் பட்டால் புண்ணாகி, ஆறாமல் நாளைக் கடத்தும். தொட்டியிலிருந்து அதை மோட்டார் போட்டு மேலே இருக்கும் மூடிய கலன்களுக்கு ஏற்ற வேண்டும். அங்கேதான் சுத்திகரிப்பு. சுத்திகரிக்கச் செலவாகும் என்று முதலாளி அதில் பாதியை ராத்திரியில் ஓடையில் விட்டிருக்கிறார். வாரியம் பாட்டிலில் பிடித்துப் பார்த்துக் கையும் களவுமாகக் கண்டுபிடித்துவிட்டது.

அந்தப் பட்டறை ஒரு மேட்டில் இருக்கிறது. சரிவில் ஒரு வரிசை லைன் வீடுகள், அவற்றுக்கு நடுவே எல்லோரும் குடிக்கத் தண்ணீர் சேந்தும் ஒரு கிணறு. பட்டறையில் வேலை பார்க்கும் பாதிப் பேர் அந்த வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள்.

மூட வந்தவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவிப் பொறியாளர் அனுப்ரியா. வயதில் குருமூர்த்தியின் மகளாக இருக்கலாம். விறைப்பானவர், ஆனால் காரியம் தெரிந்தவர். வந்ததும் அவர் சொன்னது இதுதான்: “அண்ணா, இப்ப ஃப்யூஸைத் தொடாதீங்க. தரைத் தொட்டி நெறைய இருக்கு. அதை முழுசா மேல ஏத்தி முடிச்சதும் நானே வந்து சொல்றேன். அதுக்கப்புறம் பிடுங்குங்க.”

“சரிங்க மேடம்.”

சுத்திகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் மாதேஷ் மோட்டாரைப் போட்டான். அனுப்ரியா முதலாளியிடம் நோட்டீஸில் கையெழுத்து வாங்க உள்ளே போனார். குருமூர்த்தி சுவருக்கு வெளியே ஃப்யூஸ் பெட்டியருகில் தனியாக நின்றார். துணைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் எதிரே டீக்கடைக்குப் போயிருந்தார்.

விஷயம் பரவிவிட்டது. பட்டறையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். சத்தம் போட்டிருந்தாலாவது அவர் மூன்று மொழியிலும் கெஞ்சியிருப்பார். அவர்கள் பேசாமல் நின்றார்கள். முன்னால் நின்றவள் வீரலட்சுமி. பட்டறையில் போல்ட்டுகளைக் கம்பியில் கோர்க்கிறவள், கீழே லைன் வீட்டில் இருக்கிறவள். அவள் மட்டும் கேட்டாள்.

“அண்ணா, நீங்க பிடுங்கிட்டுப் போயிருவீங்கோ. நாளைக்கு நாங்க என்னா பண்றது?”

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கல் வந்து ஃப்யூஸ் பெட்டியின் தகரத்தில் மோதியது. யார் எறிந்தார்கள் என்று தெரியாது. அவர் மேல் படவும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் அவர் கை தானாகப் பெட்டிக்குள் போயிற்று. மூன்று ஃப்யூஸையும் வெடுக் வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே மோட்டார் முனகி நின்றது.

அப்புறம் ஒரே கூச்சல். மாதேஷ் கோபத்தில் சாவிக்கொத்தைத் தரையில் அடித்துவிட்டு வெளியேறிவிட்டான். போலீஸ்காரர் ஓடிவந்தார். அனுப்ரியா பதற்றத்தோடு வந்து கேட்டார்: “தொட்டி காலியாயிடுச்சா அண்ணா?”

“ஆயிடுச்சுங்க மேடம்,” என்றார் குருமூர்த்தி.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. அங்கிருந்து போய்விட வேண்டும் என்பது தவிர அப்போது அவர் தலைக்குள் வேறொன்றும் இல்லை. அனுப்ரியாவும் அந்தக் களேபரத்தில் தொட்டியின் தகர மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஃப்யூஸ் பெட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கதவுக்கும் சீல் வைத்தார்கள். முதலாளி பெங்களூருக்குப் போய் போனை அணைத்துவிட்டார். மூடியாயிற்று.

அன்றிலிருந்து குருமூர்த்திக்கு மழைதான் கவலை. பட்டறைக் கூரையில் விழும் மழை முழுவதும் அந்தத் தொட்டிக்குத்தான் போகிறது என்று அவருக்குத் தெரியும். தொட்டி நிரம்பினால் சரிவு. சரிந்தால் கிணறு. தினமும் வேலைக்குப் போகும் வழியில் சுவரின் உடைந்த பக்கம் நின்று எட்டிப் பார்ப்பார். வானம் கறுத்தால் முகம் பேயறைந்தது போலாகிவிடும். மேடத்திடம் சொல்லலாம் என்று போனை எடுப்பார். சொன்னால் பொய் வெளியாகும், வேலைக்கு வேட்டு. போனை வைத்துவிடுவார். சரி, நாமே கமுக்கமாக ஃப்யூஸைப் போட்டு ஏற்றிவிடலாமா என்று தோன்றும். வாரியம் மூடிய இடத்துக்கு வாரியத்தின் எழுத்து இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் சஸ்பெண்ட் மட்டுமல்ல, வழக்கே வரும். வேண்டாம் சாமி என்று படுத்துவிடுவார். படுத்தால் தூக்கம் வராது.

ஆயுத பூஜை அன்று மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. பிரிவு அலுவலகத்தில் ஏணி, கயிறு, கட்டிங் பிளையர் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். யாரோ ஓர் ஆர்வக்கோளாறு, அலமாரியில் கிடந்த, பட்டறையில் பிடுங்கிய மூன்று ஃப்யூஸ்களையும் எடுத்து வைத்துப் பொட்டிட்டிருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று யாரும் தொடுவதில்லை. அலுவலகத்தில் அது சட்டத்தைவிடக் கறாரான வழக்கம். பொரியும் சுண்டலும் கையில் வாங்கிக்கொண்டு குருமூர்த்தி அந்த மூன்று ஃப்யூஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மழை வலுத்தது. அவர் பொரியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்கு வண்டியை விட்டார்.

சுவரின் உடைந்த பக்கமாக நுழைந்து தகர மூடியைத் தூக்கிப் பார்த்தபோது விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. மஞ்சள் தண்ணீர் விளிம்புக்குச் சற்றுக் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. கீழே கிணற்றடியில் ஒரு பெண் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு தண்ணீர் சேந்துவது தெரிந்தது. குருமூர்த்தி போனை எடுத்தார்.

“மேடம், நான் அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேங்க. தொட்டி காலியாவலைங்க. இப்ப வழியப் போவுது.”

“அங்கயே இருங்க,” என்றார் அனுப்ரியா.

அவர் வருவதற்குள் குருமூர்த்தி அலுவலகத்துக்குப் போய், பூஜையிலிருந்து அந்த மூன்று ஃப்யூஸ்களையும் எடுத்துக்கொண்டார். “அண்ணே, சாமி குத்தம்!” என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் மாதேஷ் வீட்டில் நிறுத்தி, “வாடா, கேள்வி கேக்காத,” என்று அவனையும் ஏற்றிக்கொண்டார்.

அனுப்ரியா தொட்டியைப் பார்த்தார். வாடகைக்கு டீசல் மோட்டார் கிடைக்குமா என்று விசாரித்தார். கடைகள் எல்லாம் பூசணிக்காய் உடைத்துவிட்டுப் பூட்டியிருந்தன. சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். மூடச் சொன்ன உத்தரவைத் தளர்த்தும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. விடுமுறை. ஒரு மேலதிகாரி வீட்டிலிருந்து எடுத்து, எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன் என்றார். அனுப்ரியா மழையில் நின்று செல்போனிலேயே எழுதி அனுப்பினார். பதில் வரவில்லை. தண்ணீர் விளிம்பைத் தொட்டுவிட்டது.

“போடுங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லண்ணா,” என்றார். “நான் சொன்னா அது செல்லாது.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க மேடம். வண்டியில போயி உக்காருங்க. நீங்க இங்க இல்ல.”

அனுப்ரியா போகவில்லை. குடையை விரித்து ஃப்யூஸ் பெட்டிக்கு மேலே பிடித்தார்.

குருமூர்த்தி கையுறையை மாட்டிக்கொண்டார். பெட்டியின் சீலை உடைத்தார். நனைந்த கையுறையில் முதல் ஃப்யூஸ் பள்ளத்தில் உட்காராமல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவதையும் அழுத்தியதும் சுவரின் உடைந்த பக்கமாக உள்ளே போயிருந்த மாதேஷ் மோட்டாரைப் போட்டான். அது இருமிக்கொண்டு கிளம்பி, பிறகு சீராக ஓடியது. குருமூர்த்தி ஃப்யூஸின் பீங்கான் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம்கூடத் தேவைக்கு அதிகமாக ஓடக் கூடாது என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

மோட்டார் சத்தம் சரிவில் இறங்கிப் போயிருக்கிறது. லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முக்காடும் கோணிப்பையும் தலையில் போட்டுக்கொண்டு ஆட்கள் மேட்டில் ஏறி வந்தார்கள். முன்னால் வீரலட்சுமி. ஓட முடியாது. ஓடினால் பிடியை விட வேண்டும்.

அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, சந்தோஷம் இருந்தது.

“அண்ணா, தொறந்துட்டாங்களாண்ணா?” வீரலட்சுமிக்கு மூச்சு வாங்கியது. “மோட்டார் சத்தம் கேட்டுச்சி. வேலை ஆரம்பிச்சிருச்சா?”

அனுப்ரியா பதில் சொல்ல வாயெடுத்தார். குருமூர்த்தி முந்திக்கொண்டார்.

“இல்லம்மா. தொறக்கல. தொட்டியில பழைய தண்ணி நெறைஞ்சிருக்குது. அது வழிஞ்சா உங்க கெணத்துக்குத்தான் வரும். அன்னிக்கே அத ஏத்தியிருக்கோணும். நான் பயந்துக்கினு முன்னாடியே பிடுங்கிட்டேன். காலியாயிடுச்சின்னு பொய்யும் சொல்லிட்டேன்.”

ஒருவன் கீழே குனிந்தான். கல்லை எடுக்கத்தான் குனிகிறான் என்று குருமூர்த்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவன் செருப்பில் சிக்கிய முள்ளை எடுத்தான்.

“கெணத்துல எறங்கிருச்சா?” என்று வீரலட்சுமி கேட்டாள். அவளுடைய குரலில் இப்போது வேறொரு பயம். “காலையில கூட எம்பொண்ணு குடிச்சிட்டுப் போனாளே.”

“இன்னும் எறங்கல. வெளிம்புலதான் நிக்கிது. சத்தியமா.”

“உங்க சத்தியத்த எவன் நம்பறது?”

“நம்ப வேணாம்மா. நீயே போயி பாரு. தொட்டிகிட்ட நின்னு பாரு. அடி தெரிஞ்சதும் நீ சொல்லு. நீ சொன்னப்புறம்தான் பிடுங்குவேன்.”

அவள் சுவரின் உடைந்த பக்கமாக உள்ளே போனாள். மாதேஷ் தகர மூடியை நகர்த்திக் கொடுத்தான். மழை தூறலாகக் குறைந்திருந்தது. மஞ்சள் தண்ணீர் சுவரில் கோடு கோடாகத் தடம் விட்டு இறங்கிக்கொண்டே போனது. வெளியே கூட்டம் குருமூர்த்தியைச் சுற்றி நெருங்கி நின்றது. யாரோ ஒருவனின் மூச்சு அவருடைய பிடரியில் பட்டது.

கடைசியில் அடி தெரிந்தது. மோட்டார் காற்றை உறிஞ்சிக் களகளவென்று சத்தம் போட்டது. தொட்டி காலி என்று அதைக் கேட்டாலே எவருக்கும் தெரியும்.

வீரலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். தான் ஒரு வார்த்தை சொன்னால் இந்தச் சத்தம் நின்றுவிடும், பிறகு எப்போது கேட்குமோ என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் வாயைத் திறக்கவில்லை. பட்டறையின் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, பிடுங்கிடுங்க,” என்று அனுப்ரியா மெல்லச் சொன்னார்.

மாட்டேன் என்று குருமூர்த்தி தலையை மட்டும் ஆட்டினார். சுற்றிலும் ஆட்கள், நெற்றியில் மழையோ வேர்வையோ வழிந்து கண்ணில் இறங்குகிறது. அதைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், வீரலட்சுமியின் வாயையே பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார்.